மேட்ச் எப்ப மாமா?

எங்கள் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. நம் சென்னையின் எஃப்சி கால்பந்து ஆட்டங்களுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். போன வருடம் ஜூலை மாதம் முதல்முறை கேட்டான்: "மாமா, மேட்ச் எப்ப?" செப்டம்பரில் ஆரம்பிச்சிடும்டா என்றேன். செப்டம்பரில் கேட்டான். அடுத்த மாசம் என்றேன். தீபாவளிக்கு வந்தபோது கேட்டான், பேச்சை மாற்றினேன். டிசம்பரில் அவன் கேட்கவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான்.

2025 ஏப்ரல் 12ஆம் தேதி கொல்கத்தாவில் பெங்களூரு அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்கடித்து மோகன் பகான் அணி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையைத் தூக்கியது. அதற்கப்புறம் ஐஎஸ்எல்லில் பந்து உருண்டது 2026 பிப்ரவரி 14இல். பத்து மாதம்! நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டில், முதல்நிலைக் கால்பந்து லீக் எப்போது தொடங்கும், தொடங்குமா என்றே தெரியாமல் பத்து மாதம் உட்கார்ந்திருந்தோம்.

பூகம்பமா வந்தது? கொரோனாவா? கொரோனா காலத்தில்கூடக் கோவாவில் பூட்டிய மைதானங்களுக்குள் லீக்கை நடத்திக் காட்டினார்களே. இந்த முறை வந்தது ஒரு தேதி, அவ்வளவுதான். லீக்கை நடத்தும் உரிமையை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ரிலையன்ஸ் தரப்புக்குக் கொடுத்தது 2010இல். பதினைந்து வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 50 கோடி ரூபாய். முடியும் நாள் 2025 டிசம்பர் 8. கையெழுத்துப் போட்ட காலத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. வாடகை வீட்டில் இருப்பவன்கூட அக்ரிமென்ட் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஓனரிடம் போய் நிற்கிறான். பதினைந்து வருட அவகாசம் இருந்தும் கடைசி வருடம் வரை புது ஏற்பாடு இல்லை என்றால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

சம்மேளனத்தின் சட்டவிதி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது, தீர்ப்பு வராமல் பேச முடியவில்லை என்பார்கள். சரி, அந்த வழக்கு மட்டும் நேற்றா முளைத்தது? ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. ஜூலை 11ஆம் தேதி சீசன் நிறுத்திவைப்பு என்று கிளப்புகளுக்குக் கடிதம் போனது. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது, நம் சென்னையின் எஃப்சியும் செயல்பாட்டை நிறுத்திவைத்தது. அப்புறம் லீக்கை யார் நடத்துவது என்று டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7இல் பார்த்தால் ஒருவர்கூட விண்ணப்பம் போடவில்லை. ஜனவரி பிறந்ததும் சுனில் சேத்ரி, குர்பிரீத், ஜிங்கன் போன்ற பெரிய வீரர்கள் எல்லாம் வீடியோவில் வந்து, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிடம் கேட்டார்கள். நாட்டுக்காக 95 கோல் போட்ட மனிதர் சேத்ரி. அவர் ஆட ஒரு லீக் வேண்டும் என்று கையேந்தி நின்றதை என் போனில் பார்த்தேன். முழுதாகப் பார்க்க முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இதே 2025இல்தான் மே மாதம் எல்லையில் சண்டை வந்து ஐபிஎல் நின்றது. மே 9இல் நிறுத்தினார்கள், 17ஆம் தேதி திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். எட்டே நாள்! அதற்குள் புது அட்டவணை, புது மைதானங்கள், இறுதிப் போட்டிக்குப் புதுத் தேதி எல்லாம் வந்துவிட்டது. கிரிக்கெட் மேல் எனக்குப் பொறாமை இல்லை. நடத்த வேண்டும் என்று நினைத்தால் இந்த நாட்டில் நடத்த முடிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சர் வந்து தேதி அறிவித்தார். பதினான்கு அணிகள், ஒவ்வொரு அணியோடும் ஒரே ஒரு ஆட்டம், மொத்தம் 91. ஒரு அணிக்குப் பதின்மூன்றே ஆட்டம். முந்தைய சீசனில் 24 ஆடினார்கள். பதின்மூன்று ஆட்டத்தில் ஒரு இளைஞன் எத்தனை நிமிடம் மைதானத்தில் நிற்பான்? அதற்குள் கேரளா பிளாஸ்டர்ஸ் கேப்டன் லூனா இந்தோனேசியாவுக்கு ஆடப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

நம் தேசிய அணி? அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2, ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே போச்சு. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோல்வி. லீக் ஆட்டமே இல்லாமல் பயிற்சி மட்டும் எடுத்த கால்களிடம் வேறென்ன எதிர்பார்க்க?

நான் ஷிஃப்டில் வேலை பார்ப்பவன். சென்னை பெரியமேடு ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் பதினைந்து நாள் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லி இன்னொருவனோடு மாற்றிக்கொள்ள வேண்டும். பெங்களூருக்குப் போக வேண்டுமென்றால் ரயில் டிக்கெட் அறுபது நாள் முன்பே திறக்கிறது. 2018 மார்ச் 17 ஐஎஸ்எல் இறுதிப் போட்டிக்கு அங்கேதான் போனேன், பெங்களூருவும் நம் சென்னையின் எஃப்சியும். கண்டீரவா மைதானம் முழுக்க அவர்கள் ஊர்க்காரர்கள், ஒரு ஓரத்தில் நாங்கள். ஒன்பதாவது நிமிடமே அவர்களுக்காகச் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அப்புறம் எங்கள் மைல்சன் தலையால் ரெண்டு, அகஸ்டோ ஒன்று. 3-2 என்று ஜெயித்தோம்! எங்கள் அணியில் எங்கள் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷும் இருந்தான். மறுநாள் காலையில் தொண்டை கட்டி, பேச்சே வராமல் வேலைக்குப் போனேன். அந்த மாதிரி ஒரு ராத்திரி என் மருமகனுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் அவனைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

போன சீசனில் ஸ்டேடியம் வாசலில் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் பிப்ரவரியில் எடுத்துப் போட்டுப் பார்த்தான். தோளில் பிடிக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. அக்கா அதை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. உலகக் கோப்பை வேண்டாம், வெளிநாட்டு நட்சத்திரம் வேண்டாம். இங்கிலாந்தில் ஆகஸ்டில் தொடங்கும் சீசனுக்கு ஜூன் மாதமே முழு அட்டவணை வெளியாகிறது. 380 ஆட்டத்துக்கும் நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அடுத்த சீசனின் முதல் மேட்ச் எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள். அவன் மறுபடி கேட்டால் நான் சொல்ல வேண்டும்.