தேங்காய் சுடுறது தெருவுலதான்

எங்க தெரு வாட்ஸப் குரூப்ல வந்த அந்தச் செய்தியைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். "ஆடி 1 அன்னைக்கு வாசல்ல யாரும் நெருப்பு மூட்டாதீங்க, அவங்கவங்க வீட்டு அடுப்புல சுட்டுக்குங்க." அதுக்குப் பத்துப் பேர் கட்டைவிரல் வேற தூக்கியிருக்காங்க. ரெண்டு நாளா மனசு ஆறல.

அடுப்புல சுட்டா அது வெறும் தேங்காய். தெருவுல சுட்டாதான் நோம்பி.

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்குச் சொல்றேன். நோம்பின்னா எங்க பக்கத்துல பண்டிகை; ஆடி 1 அன்னைக்குத் தேங்காய் சுடுறதுதான் இந்த நோம்பி. நார் உரிச்ச தேங்காயைத் தரையில தேய்ச்சுத் தேய்ச்சு மொழுமொழுன்னு ஆக்கணும். அது பசங்க வேலை. யாரு தேங்காய் பளபளன்னு இருக்குன்னு வீட்டுக்கு வீடு போட்டி. ஒரு கண்ணைத் திறந்து தண்ணியை வடிச்சு, பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள்ளு, வெல்லம், ஏலக்காய் அடைச்சு, கொஞ்சம் தண்ணியைத் திருப்பி ஊத்தி, அழிஞ்சிக் குச்சியைச் சீவிச் சொருகி, மேல மஞ்சள் பூசணும். அப்புறம் நெருப்பு. ஓடு கருகி வெடிப்பு விடுற நேரத்துல தெருவே மணக்கும். பிள்ளையாருக்குப் படைச்சிட்டு உடைச்சா, உள்ள பருப்பு தேங்காய்த் தண்ணியிலயே வெந்து கிடக்கும். பாரதப் போர் ஆடி 1ல ஆரம்பிச்சு 18ல முடிஞ்சுது, அதுக்குத்தான் இந்த நோம்பின்னு ஆயா சொல்லும்.

அந்த நீளக் குச்சியைப் பிடிச்சிக்கிட்டு கேஸ் அடுப்பு முன்னாடி எத்தனை பேர் நிக்க முடியும்? சொல்லுங்க.

புகைங்கிறாங்க. வருஷத்துல ஒரு சாயங்காலம், கொஞ்ச நேரப் புகை. தேங்காய் விக்கிற விலைக்கு வீண்ங்கிறாங்க. ஒரு கீத்துகூட வீணாப் போய் நான் பார்த்ததில்ல. சின்னப் பசங்க நெருப்புக்கிட்ட நிக்கிறாங்கன்னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அது நியாயம். போன வருஷம் எங்க பாப்பாவுக்கே பாவாடை ஓரம் கருகிடுச்சு. அதுக்குத்தான் பெரியவங்க பக்கத்துல நிக்கணும்ங்கிறேன். நிக்கிறதுக்கு நமக்குத்தான் நேரமில்ல, பழி மட்டும் நெருப்பு மேல.

அப்பா தவறின வருஷம் எங்க வீட்டுல நோம்பி இல்ல. அம்மா கதவைச் சாத்திட்டு உள்ளேயே உக்கார்ந்திருந்தாங்க. வெளிய பசங்க சத்தம். என் புள்ளைங்க ரெண்டும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்னதை இப்ப நினைச்சாலும் தாங்கல. எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினாங்க. தட்டுல சுட்ட தேங்காய் ரெண்டு. "நீங்கதானே சுடக்கூடாது, புள்ளைங்க திங்கலாம்ல?" அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அம்மா அன்னைக்குத்தான் வாய்விட்டு அழுதாங்க. அவங்கவங்க அடுப்புல சுட்டிருந்தா எங்க ஜன்னல் யாரு கண்ணுல பட்டிருக்கும்?

அந்த அக்கா வீட்டை வித்துட்டுப் போயிட்டாங்க. இப்ப அங்க இருக்கிறவங்கதான் குரூப்ல அந்தச் செய்தியைப் போட்டது. அவங்க பையன் போன ஆடி முழு நேரமும் வீட்டு கேட் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தான். யாருமே கூப்பிடல. நானும் கூப்பிடல.

இந்த வருஷம் எங்க வாசல்ல நெருப்பு எரியும். அழிஞ்சிக் குச்சி மூணு சொல்லியிருக்கேன். ஒண்ணு அவனுக்கு.