அந்த 'முதலில்' என்கிற சொல்

சொத்து பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர் ஒருவர் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக்கைக் கொண்டுவந்துவிடுவார். நோசிக் 1974இல் எழுதியதன் சாரம் இது: ஒரு சொத்து முதலில் நியாயமாகக் கைக்கு வந்து, பிறகும் நியாயமாகவே கைமாறியிருந்தால், இன்று வைத்திருப்பவருக்கே அது சொந்தம். சரி. மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த எனக்கு அந்த 'முதலில்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர், மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாறு அரசரிடம் எழுதி வாங்கினார். முதுவர்கள் என்ற பழங்குடி மக்கள் அதற்கு முன்பே அங்கே குடியிருந்தார்கள். இதில் எது முதல்?

யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில் உழைப்பைக் கலந்தவனுக்கே அது சொந்தம் என்றார் பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். உழைப்பு என்றால் எனக்கு அப்பாவின் வலது உள்ளங்கைதான் நினைவுக்கு வரும். கவாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துப் பெருவிரலுக்குக் கீழே காய்த்துப்போய், சோறு பிசையும்போது அந்த இடம் மட்டும் மடங்காது. அம்மாவின் விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

"கூலி வாங்கினாரே, கணக்கு முடிந்தது" என்கிறார் நண்பர். லாக்கும் அப்படித்தான் சொல்கிறார், தன் வேலைக்காரன் வெட்டிய புல்தரைத் துண்டு தன் சொத்து என்று. எனக்குப் பொறுக்காத இடம் இதுதான். உழைப்புதான் உரிமை தரும் என்று தொடங்கிவிட்டு, உழைத்த கை வேறொருவருடையது என்றதும் உரிமை முதலாளி பக்கம் போய்விடுகிறது. அன்றைய வேலைக்குக் கூலி கொடுத்தார்கள். காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களுக்கு அந்த மண்ணில் என்ன பங்கு?

தக்காளிச் சாறைக் கடலில் கொட்டினால் கடல் எனக்குச் சொந்தமாகுமா, சாறு வீணாகுமா என்று நோசிக்கே கேட்கிறார். வீணாவது எப்படி இருக்கும் என்பதை, ஓய்வு பெற்ற அப்பா லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று பார்த்தேன்.

நோசிக்கிடம் மூன்றாவதாக ஒரு விதியும் உண்டு: பழைய அநியாயத்தைச் சரிசெய்ய வேண்டும். எப்படி என்று அவர் விரிவாகச் சொல்லவில்லை. நண்பரோ அந்த விதியைத் தொடுவதே இல்லை. கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் குத்தகைக்காரர்களுக்கு மண்ணைக் கொடுத்தது. தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு கொடுத்தது. 1971இல் கண்ணன் தேவன் மலைக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அப்போதும் தேயிலை நின்ற மண் கம்பெனியிடமே தங்கியது.

மலையையே எழுதிக் கொடு என்று நான் கேட்கவில்லை. முதுவர்களுக்கு அவர்கள் காடு. லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு, வேலை முடிந்த பிறகும் இருக்க, தன் பெயரில் ஒரு துண்டு மண், பட்டாவோடு.