இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள்
நேற்று ஆபீஸில் ஒரு ப்ரோகிராமில் இருந்த பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு த்ரெட்கள், அதாவது ப்ரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு வேலைகள், ஒரே வேரியபிளை (மதிப்பு வைக்கும் இடத்தை) தொடுகிற சிக்கல். எது முதலில் ஓடுகிறது என்று ஆறேழு படிகளை மனசுக்குள் அடுக்கியிருந்தேன். தோளில் ஒரு தட்டு. "ப்ரோ, ஒரே நிமிஷம்." அவ்வளவுதான், எல்லாம் சரிந்தது. மறுபடி அடுக்க அரை மணி நேரம் ஆனது.

ஏன் எல்லாரையும் தடுப்பில்லாத ஒரே ஹாலில் உட்கார வைக்கிறீர்கள் என்று ஆபீஸில் கேட்டால், அதுதான் கலந்து பேச வசதி என்கிறார்கள். அப்படி மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து 2018-இல் எழுதினார்கள்: நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. மெயில்தான் கூடியது.

பீன் பேக், கேரம் போர்டு, இலவச காபி எதுவும் வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாதீர்கள். அப்புறம் எந்த மீட்டிங்குக்கும் வருகிறேன்.