நகர வெளிச்சத்திலும் கோள்கள் தெரியும்

நகரத்தில் தொலைநோக்கி வாங்குவது வீண், தெருவிளக்கு வெளிச்சத்தில் எதுவுமே தெரியாது என்று பலர் சொல்வதுண்டு. மங்கலான கேலக்ஸி (விண்மீன் மண்டலம்), நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகம்) விஷயத்தில் இது பெரும்பாலும் சரிதான். ஆனால் நிலா, வியாழன், சனிக்குப் பொருந்தாது. அவை வானத்தில் பரவிய வெளிச்சத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானவை. அவற்றின் உருவத்தைக் கலைப்பது பெரும்பாலும் காற்றின் நடுக்கம்தான்.

நீங்களே சோதிக்கலாம். இரவு வானில் வியாழன் கோள் தெரியும் நாளில் 60 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் கொண்ட தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்புங்கள். 1610-இல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் புள்ளிகளாகத் தெரியும் (சில சமயம் ஒன்றிரண்டு கோளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்). வானத்தின் வரைபடத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் அதே நேரத்தை வைத்து ஒப்பிடுங்கள். மறுநாள் பார்த்தால் அவை இடம் மாறியிருக்கும்.