கண்ணாடியில் தெரிகிற விளக்கு

போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சபையின் மூத்த ஐயா ஒருவர் என் தோளைத் தொட்டுக் கேட்டார். "ஏன் தம்பி, காட்டுக்குள்ள போயி சேத்துல வண்டி ஓட்டுறதுக்கு ஐக்கியம்னு பேரு வைக்கிறீங்களே, இது சரியா?" கோபமாகக் கேட்கவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டார். ஞாயிறு பள்ளியில் எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அங்கே நின்றபடி எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவருக்கும், அவரைப்போல நினைக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நாங்கள் பெயர்ப்பலகை வைத்த கிளப் இல்லை. நான்கு வண்டி, பன்னிரண்டு பேர், இரண்டு சபைகளைச் சேர்ந்தவர்கள். சிங்கப்பூரின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். சேற்றுப் பாதையில் வண்டி ஓட்ட ஆசைப்பட்டால் கடற்பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு உட்லண்ட்ஸில் கூடுவோம். முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா, கடப்பிதழ் இருக்கிறதா, மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வில்லை ஒட்டியிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் சரிபார்த்துவிட்டு, ஒருவர் சின்னதாக ஜெபிப்பார். பிறகு ஜோகூர்.

பெரும்பாலும் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் கஹாங் வரைக்கும் போய், அங்கிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காப் பக்கம் திரும்புவோம். அந்த மண்சாலை 50 கிலோமீட்டருக்கு மேல் போய், ஜக்கூன் பழங்குடி மக்கள் வாழும் கம்போங் பெத்தாவில் முடிகிறது. முதலில் செம்பனைத் தோட்டம், பிறகு காடு. வெயில் காலத்தில் செம்புழுதி. மழை பெய்தால் அதே மண் சோப்புக்கட்டிபோல வழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள். நாங்களும் அந்த மாதங்களில் போவதில்லை.

அந்தச் சாலையில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. என் அப்பா பிறந்தது குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அது செம்பனைத் தோட்டமாகிவிட்டது. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் ஒரு முருங்கை மரமும் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் மிச்சம். முதல் முறை போனபோது வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மற்ற மூன்று வண்டிகளும் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தன.

இனி ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

காட்டுப்பாதையில் கூட்டமாக வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு விதி உண்டு. உன் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் விளக்கு எப்போதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நின்றுவிடு. நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவன் கண்ணாடியிலிருந்து உன் விளக்கு மறையும், அவனும் நிற்பான். இப்படியே கடைசி வண்டிக்கு வந்த தொந்தரவு, யாரும் கூப்பிடாமலேயே முதல் வண்டி வரைக்கும் போய்ச் சேரும். வாக்கி டாக்கி வேலை செய்யாத பள்ளத்தாக்கில்கூட இந்த விதி வேலை செய்யும். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்திலும் அப்படித்தான். பின்னால் வருகிறவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

அதைக் கற்றுக்கொண்ட அன்று எனக்கு முதலில் தோன்றியது, நம் சபையில் என் கண்ணாடியில் யார் தெரிகிறார் என்பதுதான். நான் எப்போதும் முன்னால் இருப்பவர்களையே பார்த்து வளர்ந்தவன். போதகரைப் பார்ப்போம், பாடகர் குழுவைப் பார்ப்போம். எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் என் கையைக் குலுக்கியிருக்கிறார். "எப்படி இருக்கீங்கண்ணே?" என்பேன். "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம் தம்பி" என்பார். அதோடு சரி.

அந்த அண்ணன் பேருந்து ஓட்டுநர். வண்டி என்றால் அவருக்கு உயிர் என்று தெரிந்து, ஒரு முறை என் சின்ன ஜீப்பான பழைய ஜிம்னியில் பக்கத்து இருக்கைக்கு அழைத்தேன். அன்று முந்தைய இரவு பெய்த மழையில் பாதை கெட்டிருந்தது. ஒரு ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்து ஓரத்துப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. டயர்க் காற்றை முன்பே இறக்கியிருந்தோம், மெதுவாக, பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியரில்தான் வந்துகொண்டிருந்தேன். இருந்தும் தவறு என்னுடையது. ஏற்றத்தின் நடுவில் பயந்து பிரேக்கை மிதித்துவிட்டேன்.

வண்டியைப் பள்ளத்திலிருந்து எடுப்பது அவசர வேலையில்லை. அவசரப்பட்டால் ஆள் சாவான். மேலே நின்ற எங்கள் இன்னொரு வண்டியான பிராடோவின் வின்ச்சிலிருந்து, அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டாரிலிருந்து, கயிற்றை இழுத்து வர வேண்டும். பிராடோ சறுக்காமல் இருக்க அதைப் பின்னால் ஒரு மரத்தோடு கட்ட வேண்டும். மரத்தின் பட்டை அறுபடாதபடி அகலமான பட்டை நாடாவைச் சுற்றித்தான் கட்டுவோம். கயிறு அறுந்தால் சாட்டைபோல வீசும். அதனால் அதன் மேல் கனமான ஈரச் சாக்கைப் போடுவோம். எல்லோரும் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும்தான் சைகை காட்டலாம். டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கயிற்றை மாட்டவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு பீரங்கிக் குண்டாகப் பறக்கும். துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் எங்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர். கயிற்றை மாட்டுகிற இரும்புக் கொக்கியான ஷாக்கிள் ஒவ்வொன்றையும் தானே கையால் தொட்டுப் பார்க்காமல் இழுக்க விடமாட்டார்.

அன்று வின்ச் மோட்டார் சூடேறிவிட்டது, ஆறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நானும் பேருந்து ஓட்டுநர் அண்ணனும் ஒரு வேரின்மேல் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். நான் வெட்கத்தில் பேசாமல் இருந்தேன். பன்னிரண்டு பேரின் நாளை நான் கெடுத்துவிட்டேனே என்று. அப்போது அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தம்பி, உங்க அண்ணிக்கு ரெண்டு வருஷமா டயாலிசிஸ் ஓடுது."

வாரத்துக்கு மூன்று நாள். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதற்காகவே மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். காலையில் டாக்சியில் அழைத்துப்போய் விட்டு, காத்திருந்து, திரும்ப வீட்டில் சேர்த்துவிட்டு வேலைக்கு ஓடுவார். சிகிச்சை முடிந்து வரும்போது அவர் மனைவிக்கு, அந்த அக்காவுக்கு, தலை சுற்றுமாம், வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கிற கல்பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் மேலே போவார்களாம். அந்தக் கல்பெஞ்சைத் தாண்டித்தான் நான் தினமும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கிறேன்.

"ஏண்ணே சபையில சொல்லல?" என்றேன்.

"அங்க எல்லாரும் சுத்தமா உடுத்திக்கிட்டு வந்திருக்கீங்க. எங்க சொல்றது?" என்றார்.

ஐயா, என் பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நான் தலைமுதல் கால்வரை சேறாக, உதவி கேட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் என்னிடம் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து "பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றால் பேச மாட்டார்கள். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், கண் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இயேசு மரித்த பிறகு எம்மாவு ஊருக்குப் போன அவருடைய சீஷர்கள் இருவரும் தங்கள் துக்கத்தை நடந்துகொண்டேதானே சொன்னார்கள்? பக்கத்தில் வந்து சேர்ந்தவர் இயேசுதான் என்றுகூட அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் விழுந்தால் அவன் உடனாளி தூக்கிவிடுவான் என்று வேதாகமத்தில் பிரசங்கி புத்தகத்தில் படிக்கிறோம். தூக்கிவிடுகிறவனாக இருக்க நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம். விழுந்தவனாக மற்றவர் முன் கிடக்க நமக்குப் பழக்கமில்லை. ஐக்கியத்துக்கு இரண்டு பேரும் வேண்டும்.

இதைப் புதுப் பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1887இல் இங்கே தமிழ் மெதடிஸ்ட் ஊழியம் தொடங்கியபோதும், 1888இல் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயத்தைக் கட்டி முடித்தபோதும், வந்து கூடிய நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்த ஊரில் உறவு இருந்திருக்கும்? காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுக்கவும், செத்தால் தூக்கவும் சபையார்தான். ஒருவரை ஒருவர் நம்பியிருந்தார்கள், வேறு வழியில்லாததால். இன்று நமக்கு எல்லாவற்றுக்கும் வேறு வழி இருக்கிறது. அதனால் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிற இடத்துக்கு நாமாகத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டும் என் காதில் விழுந்தது. அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமம், மட்டுமே 150,001 வெள்ளிக்குப் போன ஊர் இது. வண்டி வைத்திருப்பதே ஒரு தகுதியாக மாறிவிட்டால் எங்கள் குழு அன்றே செத்துவிடும். அதனால்தான் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் வண்டி இல்லாதவர்கள். பெட்ரோலும் சாப்பாடும் மொத்தமாகக் கூட்டி, முடிந்தவர்கள் முடிந்ததைப் போடுகிறார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதி வைப்பதில்லை. புது டயர், புது பம்பர் என்று வண்டி அலங்காரப் பேச்சு நீளும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. குழுவில் இதை வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

காட்டைப் பற்றிய கவலையும் நியாயமானது. அமெரிக்காவில் யூட்டாவின் மோவாப் ஊரில் 1967 முதல் ஈஸ்டரை ஒட்டி ஜீப் கூட்டம் நடக்கிறது, ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அந்த நாட்டில் கிறிஸ்தவ ஜீப் குழுக்களும் இருக்கின்றன. அங்கேயும் பாதையை விட்டு விலகிய டயர்கள் மண்ணைக் கெடுத்த பிறகுதான், 1985இல் வனத்துறையே 'மெதுவாக மிதி' என்ற பொருளில் ஓர் இயக்கம் தொடங்கியது. நாங்கள் ஏற்கெனவே இருக்கிற பாதையை விட்டு இறங்குவதில்லை. தோட்டத்துக்குள் போக நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குகிறோம். ஓடையில் விளையாட்டுக்காக வண்டியை இறக்குவதில்லை. அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் மக்கள் புழங்குகிறார்கள். படைப்பைக் கெடுத்துவிட்டுப் படைத்தவரைப் பாட எனக்கு வாய் வராது.

ஞாயிறு ஆராதனையை விடுகிறோம் என்று சிலர் சொல்வது மட்டும் சரியான தகவல் இல்லை. சனி இரவு கூடாரம் போட்டால், ஞாயிறு காலை குளுவாங்கில் ஒரு சின்னத் தமிழ்ச் சபையில் போய் உட்காருவோம். சேற்றுக் காலோடு போன எங்களை முதல் நாளே சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னவர்கள் அவர்கள். சபைக்கு மாற்றாக இந்தப் பயணம் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் ஐயாவோடு நிற்கிறேன். ஆனால் போதகர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களுக்குப் பிரசங்கக் குறிப்பும் கேள்வித்தாளும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு முறை நீங்களே வந்து, கயிறு பிடியுங்கள்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி காலைகளை நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். என் முறை புதன். ஜிம்னி அக்காவுக்குக் குலுங்கும் என்பதால் பிராடோவை வாங்கிக்கொண்டு போகிறேன். ஆனால் அதன் படி உயரம். முதல் வாரம் அக்கா ஏறக் கஷ்டப்பட்டதைப் பார்த்த கப்பல் பட்டறை அண்ணன், மிச்ச பிளைவுட்டில் ஒரு சின்ன முக்காலி செய்து, மேலே வழுக்காத பட்டை ஒட்டிக் கொண்டுவந்தார். ஏறி நின்று, குதித்துப் பார்த்து, ஆணி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். அது பிராடோவின் பின்பக்கம், வின்ச் கயிற்றுக்கும் ஷாக்கிள் பைக்கும் நடுவில் இருக்கிறது.

போன புதன் அக்கா அதில் கால் வைத்து ஏறிக்கொண்டே, "நானும் ஒரு நாள் வரணும் தம்பி, இவரு சொல்ற காட்டைப் பாக்கணும்" என்றார்கள். அடுத்த பயணம் மழைக்காலம் முடிந்ததும், மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. அக்காவுக்காக அன்று தார்ச்சாலை முடிகிற இடத்தோடு நிறுத்திக்கொள்வோம். குளுவாங்கில் காப்பி, அவர்களுக்கு இரண்டு மடக்கு மட்டும். இருட்டுவதற்குள் வீடு.

ஐயா, பிராடோவில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. முக்காலி உங்களுக்கும் உதவும். காலை 4 மணிக்கு உங்கள் புளோக் கீழே வந்து நிற்கிறேன்.