இன்காக்னிட்டோவில் தேடினால் டிக்கெட் விலை குறையுமா?

"செவ்வாய் நள்ளிரவில் இன்காக்னிட்டோவில் தேடினால் துபாய்–திருச்சி டிக்கெட் பாதி விலை" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. (இன்காக்னிட்டோ என்பது தேடிய வரலாற்றைச் சேமித்து வைக்காத பிரவுசர் விண்டோ.) ஃபார்வர்டு சொல்வது தவறு.

ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் பிரிவுகளாக விற்கிறார்கள். மலிவுப் பிரிவு தீர்ந்ததும் அடுத்த விலை வரும். மறுபடி தேடும்போது விலை ஏறியிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான், குக்கீ (நீங்கள் வந்துபோனதை நினைவில் வைக்க இணையதளம் பிரவுசரில் சேமிக்கும் சிறு தகவல்) அல்ல. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவு இருக்கை இரண்டே மிச்சமிருந்தால், பெரும்பாலும் நால்வருக்குமே கூடிய விலைதான் காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சந்தேகமா? அதே தேதி, அதே நாணயம், அதே லக்கேஜ் வைத்து சாதாரண விண்டோ, இன்காக்னிட்டோ விண்டோ இரண்டிலும் ஒரே நேரத்தில் பாருங்கள். அப்புறம் கூகுள் ஃபிளைட்ஸ் (விமான டிக்கெட் விலை தேடும் தளம்) நாட்காட்டியில், துபாயில் பள்ளிக் கோடை விடுமுறை வரும் ஜூலை மாத விலையை நவம்பர் மாத விலையோடு ஒப்பிடுங்கள். இந்த ஃபார்வர்டை மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.