மருந்துச் சீட்டு செல்லும் என்பது பாதி வேலைதான்
ஆன்லைனில் டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுத்த மருந்தாளுநர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏன், எழுதியவர் டாக்டர்தானே என்று ஒரு கட்டுரை கேட்கிறது. ஏற்க முடியவில்லை. சீட்டு செல்லுமா என்று பார்ப்பது பாதி வேலை. இந்த மருந்து இந்த ஆளுக்குப் பொருந்துமா என்பது மீதி.

சீட்டு எழுதி மருந்து அனுப்பும் பல இணையதளங்களில் டாக்டர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை, கேள்விப் படிவம் மட்டும்தான். ‘வலிப்பு வந்ததுண்டா?’ என்பதற்கு ‘ஆம்’ போட்டால் படிவம் அங்கேயே நிற்கும். பின்னால் போய் ‘இல்லை’ என்று மாற்றினால், வலிப்பைத் தூண்டக்கூடிய டிரமடால் என்ற வலி மருந்துக்கே சீட்டு வந்துவிடும். அப்படி மாற்றிய தடம் மருந்தாளுநரின் திரையில் தெரிய வேண்டும். ஒரே முகவரிக்கு 2 பெயர், 28 நாள் மருந்து 10 நாளில் மறுபடி, வழக்கமான டாக்டருக்குத் தெரிவிக்கச் சம்மதமில்லை: இதில் ஒன்று இருந்தாலும் பார்சலை நிறுத்தி, நோயாளியிடம் போனில் பேசி, சீட்டு எழுதிய டாக்டரையும் கேட்டு, பதிலை நேரமும் குறித்துப் பதிய வேண்டும். விசாரணையில் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். 10 விநாடிக்கு ஒரு சீட்டு ‘சரிபார்க்கப்பட்டது’ என்றிருந்தால் அதற்குப் பதில் சொல்ல வழியே இல்லை.

ஆனால் அந்த வேகத்தை இலக்காக வைத்த முதலாளியையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும். மருந்தாளுநரின் தொழில் பதிவு மட்டும் ரத்தாகி, தளம் மறுநாளே வேறொருவரை வைத்து ஓடுவது கொடுமை.